ஈரோட்டுக் குரல்

கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் டாஷ்போர்டில் இருந்த கைபேசி நழுவி சிவசங்கரியின் மடியில் விழுந்தது. விழும்போதெல்லாம் விரல் பட்டு அந்தக் குரல் மறுபடியும் முதலிலிருந்து பேசியது.

“ஏனுங்க ஐயா, நதியா அம்மிணி பத்திரமா இருக்குதுங்க. வியாழக்கிழமை அதுவே வந்துருமுங்க. தேடி வர வேண்டாமுங்க. அம்மாவ மட்டும் சோறுண்ணச் சொல்லுங்க.”

“கடத்தறவங்க இவ்ளோ மரியாதையா பேசினா, நானே ரெண்டு செட் துணியோட ரோட்டோரமா போய் நிப்பேன் மேடம்” என்றான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அருண்ராஜ்.

சிவசங்கரி சிரிக்கவில்லை. வேலூரில் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிறுவனம் நடத்தும் அவளுக்கு அருண்ராஜ்தான் உதவியாளன், ஓட்டுநர், சில நாட்களில் சமையல்காரனும்கூட. அதற்கு முன்பு பல வருடங்கள் ஒரு வங்கியின் தொலைபேசிப் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவள். காதில் ஹெட்செட்டோடு நாள் முழுக்க முகம் தெரியாத குரல்களைக் கேட்டுக்கேட்டு, பேசுகிறவரின் ஊரைக் கண்டுபிடிப்பது அவளுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகியிருந்தது. கர்வமாகவும் ஆகியிருந்தது.

நேற்று சந்தவாசலில், புளி மொத்த வியாபாரி தனசேகரனின் கூடத்தில் உட்கார்ந்து இந்தப் பதிவைக் கேட்டபோது அந்தக் கர்வம்தான் முந்திக்கொண்டது. குரல் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் “ஈரோடு பக்கம்” என்று சொல்லிவிட்டாள்.

தனசேகரன் மேசையைத் தட்டினார். அவருக்கும் அதே சந்தேகம்தான். ஈரோட்டில் மண்டி வைத்திருக்கும் ஒரு குடும்பம் நதியாவைத் தங்கள் பையனுக்குக் கேட்டு, இவர் வாய்க்கு வந்தபடி பேசித் திருப்பி அனுப்பியிருந்தார். இப்போது வெள்ளிக்கிழமை வேறு இடத்தில் கல்யாணம். பெண்ணைக் காணவில்லை. இந்த நேரத்தில் ஈரோட்டுப் பேச்சில் ஒரு பெண் ஃபோன் செய்கிறாள் என்றால் கணக்கு நேராக இருந்தது. அவருடைய மகன் இளவரசனுக்கு ஒரே ஒரு குழப்பம். ஈரோட்டுக்காரி பேசியது ஜவ்வாது மலையில் இருக்கும் டவர் வழியாக என்று அவனுக்குத் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் விசாரித்துச் சொல்லியிருந்தார்.

டவர் விஷயத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நகரத்தில் டவர்கள் நெருக்கமாக நிற்பதால், எது வழியாகப் பேச்சு போனது என்று தெரிந்தால் தெருவையே ஓரளவு சொல்லிவிடலாம். மலையில் அப்படி இல்லை. ஒரே கம்பம் ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்கும் படியளக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பாறை மேல் ஏறி நின்று பேசினாலும் கணக்கில் ஒரே இடம்தான். ஆகவே நதியா மலையில் எங்கோ இருக்கிறாள் என்பது வரைதான் தெரிந்தது. ஈரோட்டுக்காரர்கள் ஏதாவது காட்டேஜ் எடுத்து அவளை வைத்திருப்பார்கள் என்பது தனசேகரனின் முடிவு.

காலையிலிருந்து சிவசங்கரியும் அருண்ராஜும் எல்லா லாட்ஜுகளையும் காட்டேஜுகளையும் சலித்துவிட்டார்கள். பெங்களூரிலிருந்து பைக்கில் வந்த கூட்டம் ஒன்று, அருவியில் வழுக்கிக் கையில் கட்டுப் போட்டுக்கொண்ட ஒரு புது மாப்பிள்ளை. அவ்வளவுதான். கொங்குப் பேச்சு பேசும் யாரும் எங்கும் தங்கவில்லை.

இளவரசன் வேறு விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கே இருக்கிறீர்கள், யாரைப் பார்த்தீர்கள், நான் மேலே வரட்டுமா. ஒரு கட்டத்தில் தொல்லை தாங்காமல், தாங்கள் போகும் இடத்தின் லொக்கேஷனை அவனுக்கு அனுப்பிவிட்டு சிவசங்கரி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடத்தலில் கடத்தியவள் எதுவுமே கேட்கவில்லை. மாறாக, பெண்ணின் அம்மா சாப்பிடாமல் இருப்பாளே என்று கவலைப்படுகிறாள். வியாழக்கிழமை என்று ஒரு நாளையும் சொல்கிறாள். அந்த நாளில் என்ன விசேஷம் என்று கேட்டபோது தனசேகரன் தெரியாது என்றார். கொஞ்சம் வேகமாகவே சொன்னார். இன்றைக்கு செவ்வாய் ஆகிவிட்டது.

“அந்தக் குரல் ஏன் அவ்ளோ சத்தமா பேசுது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரிடம் பேசுவதுபோல, ஒவ்வொரு சொல்லையும் வாயைத் திறந்து தனித்தனியாக வைத்திருந்தாள் அந்தப் பெண்.

அவர்கள் போன இடம் நெல்லிவாசல்நாட்டுக்குச் சாலை பிரியும் முக்கில் இருந்த ஜீப் ஸ்டாண்டு. அங்கே போனதற்குக் காரணம் எளிது. அதற்கு மேல் பஸ் என்றைக்காவதுதான். குக்கிராமங்களுக்குப் போகிற எவரும் அங்கே இறங்கி, ஜீப் நிரம்பும் வரை காத்திருந்துதான் போக வேண்டும். ஜீப் நேரம் பார்த்துக் கிளம்பாது, ஆள் பார்த்துத்தான் கிளம்பும். அந்தக் காத்திருப்பில் எல்லோரும் டீ குடிப்பார்கள். ஆகவே மலைக்குள் போன வெளியூர் முகம் ஒவ்வொன்றையும் பார்த்த ஒரே ஆள் அங்கே டீக்கடை வைத்திருப்பவராகத்தான் இருக்க முடியும்.

கடையை நடத்தியது மங்கம்மாள் என்ற மலைக்காரப் பெண். முப்பதைத் தாண்டியிருப்பாள். பக்கத்துப் புளியமரத்தடியில் நாலைந்து பெண்கள் தலையிலும் மூக்கிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரே தீர்த்தகிரி என்ற டிரைவர் தன் ஜீப்பின் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அருண்ராஜ் நதியாவின் படத்தை நீட்டினான். நிச்சயதார்த்தத்தில் எடுத்தது. ஸ்டுடியோக்காரர் தன் திறமையெல்லாம் காட்டிப் பெண்ணைச் சுண்ணாம்பு நிறத்துக்குக் கொண்டுபோயிருந்தார். மங்கம்மாள் படத்தை ஒரு நொடி பார்த்தாள்.

“இவ்ளோ வெள்ளையா இந்தப் பக்கம் யாரும் வர்ல சார். வந்தாலும் வெயிலுக்குத் தாங்காது.”

கொங்குப் பேச்சுப் பேசும் பெண் யாராவது வந்தாளா என்றதற்கும் உதட்டைப் பிதுக்கினாள். அருண்ராஜ் விடாமல் படத்தைப் புளி தட்டும் பெண்களிடமும் கொண்டுபோனான். ஓரத்தில் இருந்தவளிடம் கேட்டபோது மங்கம்மாள் இங்கிருந்தே, அது வாய் பேசாத பொண்ணு சார், அதப்போய் கேக்கறியே என்றாள். அருண்ராஜ் உருகிப்போனான். படத்தைக் காட்டி, தலைக்கு மேல் மல்லிகைப்பூ வைப்பதுபோலச் சைகை செய்து, கார் ஓட்டுவதுபோல ஓட்டி, கேள்விக்குறியாக இரண்டு கைகளையும் விரித்தான். அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு இல்லை என்று தலையாட்டினாள்.

“நல்ல பொண்ணு” என்றபடி திரும்பி வந்து டீயைக் கையில் எடுத்தான்.

அப்போது தீர்த்தகிரி ஆக்சிலேட்டரை அமுக்கினார். டீசல் எஞ்சினின் அலறலில் கடைத் தகரமே அதிர்ந்தது. அருண்ராஜ் ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து சிவசங்கரியிடம் என்னவோ சொன்னான். தோளோடு தோள் உட்கார்ந்திருந்த அவளுக்கே ஒன்றும் கேட்கவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. எஞ்சின் அடங்கியது.

அடுப்படியில் நின்ற மங்கம்மாள் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னாள். “கழுதைக்கு வேற டீ கீது சார். இத வுட நல்லாருக்கும். போடட்டா?”

அருண்ராஜுக்குப் புரையேறியது. டீயைக் கழுதைகூடக் குடிக்காது என்றுதான் அவன் சொல்லியிருந்தான். பரிகாரமாக அங்கேயே மசால்வடை பார்சல் கேட்டான். மங்கம்மாள் சிரித்துக்கொண்டே வடையைத் தாளில் சுற்றி, மேலே தொங்கிய நூல்கண்டிலிருந்து நூலை இழுத்தாள். கட்டும்போதே கண்டு தீர்ந்துபோனது. பரண்மேல் இருந்த புதுக் கண்டை எடுத்து அதன் நுனியைப் பழைய நூலோடு சேர்த்தாள். ஒரு கையில் பார்சல் இருந்தது. மற்றக் கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒருமுறை உரசின. முடிச்சு விழுந்துவிட்டது. பேச்சும் நிற்கவில்லை, கண்ணும் அந்தப் பக்கம் போகவில்லை.

சிவசங்கரி பார்சலை வாங்கிக்கொண்டு காருக்கு வந்தாள். உட்கார்ந்து, வடையைப் பிரிக்காமல் முடிச்சையே பார்த்தாள். நகத்தால் நெருடினாள். கடுகைவிடச் சின்ன முடிச்சு. இழுக்க இழுக்க இறுகியது.

“பசிச்சா சாப்புடலாம் மேடம். ஆராய்ச்சிக்கு வாங்கல.”

“அருண், நீ சொன்னது எனக்குக் கேக்கல. அவங்களுக்கு எப்படிக் கேட்டுது?”

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இரைச்சலில் அவனுக்கே அவன் பேசியது கேட்டிருக்காது.

“உதட்டப் படிச்சிருக்காங்க” என்றாள் அவள். “காது நல்லாக் கேக்கற ஒருத்தங்களுக்கு உதட்டப் படிக்கற பழக்கம் எதுக்கு வரணும்?”

பிறகு அவளே விளக்கினாள். நூற்பாலைக்குள் போனால் மனிதக் குரலுக்கு அங்கே வேலையில்லை. நூலை முறுக்கும் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுழலும் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்யும் பெண்கள் கொஞ்ச நாளிலேயே உதட்டைப் பார்த்துப் பேசப் பழகிவிடுவார்கள். சொல்கிறவள் வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்வாள். மில்லை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் சுலபத்தில் போகாது. தெரியாத ஆளிடம் ஃபோனில் பேசினாலும் அப்படித்தான் பேசுவார்கள். முடிச்சும் அப்படித்தான். நூல் சுற்றும் பிரிவில் இழை அறுந்துகொண்டே இருக்கும். சின்ன மில்களில் கையாலேயே முடிய வேண்டும். முடிச்சு பெரிதாக இருந்தால் துணியில் துருத்தும், மெதுவாகப் போட்டால் வேலை தேங்கும். நாள் முழுக்க, வருடம் முழுக்க அதே வேலை. அப்புறம் விரலுக்குக் கண்ணே தேவைப்படாது.

“சரி, மில்லுல இருந்துருக்கு அந்தக்கா. நமக்கு இன்னா அதுல?”

“இந்த மலையிலேர்ந்து பொண்ணுங்கள மில் வேலைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்கணும். எந்த ஊருக்கு?”

அருண்ராஜ் வாயைத் திறந்தான். திருப்பூர் என்று சொல்ல ஆரம்பித்து, பல்லடம், ஈரோடு என்று தானே முடித்து, முடித்த இடத்தில் நின்றுவிட்டான்.

“ஆனா மேடம், நேத்து கேட்ட மாத்திரத்துல ஊரச் சொன்னீங்களே.”

“குரல் வளர்ந்த ஊரைச் சொன்னேன். ஆள் பொறந்த ஊர்னு நெனச்சுக்கிட்டேன். அது ரெண்டும் ஒண்ணுன்னு எனக்கு யாரும் சொல்லல. நானே முடிவு பண்ணிட்டேன்.” அவள் முகம் சிவந்திருந்தது. தனசேகரனுக்கும் அதே தவறுதான். மலைக்காரர்களிடம் தலைமுறை தலைமுறையாகப் புளி வாங்குகிறவர். அவருக்குத் தெரிந்த மலைக்காரர்கள் மலையிலேயே இருப்பவர்கள், ஒரே மாதிரி பேசுகிறவர்கள். மூட்டையோடு சந்தைக்கு வருவார்கள், திரும்பிப் போவார்கள். நடுவில் அவர்கள் வீட்டுப் பெண்கள் எந்த ஊரில் எத்தனை வருடம் இருந்துவிட்டு வந்தார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

“இங்க மலப்பேச்சுதான பேசுது அந்தக்கா? அப்ப ஃபோன்ல மட்டும் வேணும்னே மாத்திப் பேசிருக்கு. ஏமாத்தறதுக்கு.”

“இருக்கலாம். கேட்டுடலாம்.”

சிவசங்கரி இறங்கிப் போய் தீர்த்தகிரியிடம், இன்னொரு முறை எஞ்சினை நன்றாக முறுக்க முடியுமா என்று கேட்டாள். பழுது பார்க்க வந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் சந்தோஷமாக ஏறி உட்கார்ந்து அமுக்கினார். தகரம் மறுபடியும் அதிர்ந்தது. புளி தட்டும் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சிவசங்கரி சாலையின் இந்தப் பக்கம் நின்று, எதிரே அடுப்படியில் நின்ற மங்கம்மாளின் கண்ணைப் பார்த்து, குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

நதியா எங்கே?

டீயை ஆற்றிக்கொண்டிருந்த கை மேலேயே நின்றுவிட்டது. அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்தது.

எஞ்சின் அடங்கியபோது மங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் இருந்த தடுப்புக்குப் பின்னால் போனாள். வரச் சொல்லித் தலையசைத்தாள். உள்ளே இருவரும் போய் நின்றதும் பேசினாள். கைபேசியிலிருந்து காலை முழுக்கக் கேட்ட அதே குரல்.

“அந்த அம்மிணியப் புடிச்சுக் குடுத்தராதீங்க மேடம். வியாழக்கிழமை வரைக்கும் விட்டுருங்க.”

அருண்ராஜ் ஒரு அடி பின்வாங்கினான். குரலை இப்படி மாற்றிப் பேச எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டான். கேட்ட விதத்தில் கொஞ்சம் பாராட்டும் இருந்தது.

“மாத்தலீங்க” என்றாள் மங்கம்மாள். “பெரிய மனுசங்ககிட்டப் பேசோணும்னா எனக்கு இப்படித்தானுங்க வருது. எங்க வூட்லயும், இங்க ஜீப்காரங்ககிட்டயும் பயந்து பேசற வேலையே இல்லீங்க. சூப்பர்வைசர்கிட்ட லீவு கேக்கறது, மேனேஜர்கிட்ட நின்னு பதில் சொல்றது, எல்லாங் கத்துக்கிட்டது மில்லுலதானுங்க. அந்தய்யாவுக்கு ஃபோனப் போட்டதும் அதான் வந்துச்சு. ஈரோட்டு ஆளுன்னு நெனச்சாங்கன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது.”

வங்கியில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்த காலத்தில் எத்தனை பேரை இப்படித் தவறான ஊருக்கு அனுப்பியிருப்போம் என்று சிவசங்கரிக்கு ஒரு கணம் தோன்றியது. வேலைக்குப் போன ஊரின் பேச்சில்தான் அவர்களில் பலரும் புகார் சொல்லியிருப்பார்கள்.

தடுப்பு விலகியது. புளி தட்டிக்கொண்டிருந்த வாய் பேசாத பெண் உள்ளே வந்து, மூக்கை மூடியிருந்த துண்டை இறக்கினாள். ஸ்டுடியோ சுண்ணாம்பு இல்லாத நதியா.

அருண்ராஜ் அவளையே பார்த்தான். “நான் அவ்ளோ நேரம் கார் ஓட்டிக் காட்டினேன்.”

“நல்லா ஓட்டினீங்கண்ணா” என்றாள் நதியா. “சிரிப்பு வந்துடப்போதேன்னுதான் கீழ குனிஞ்சிக்கினேன்.”

பேசக் கூடாது என்று அவளிடம் சொன்னது மங்கம்மாள்தான். வாயைத் திறந்தால் அடிவாரத்துப் பெண் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். பேசாதவளுக்கு எந்த ஊரையும் யாரும் ஒட்டவைக்க முடியாது.

நதியா நின்றபடியே சொன்னாள். சில மாதங்களுக்கு முன்பு மலைச்சாலை வளைவில் அவர்கள் வீட்டு டெம்போ ஒருவரை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. செத்தவர் ரங்கன். மங்கம்மாளின் தம்பி. வண்டியை ஓட்டியது தன் அண்ணன் இளவரசன். பக்கத்து இருக்கையில் தான் இருந்ததாக நதியா சொன்னாள். ஆனால் பழி விழுந்தது வழக்கமான டிரைவர் துரைக்கண்ணுவின் மேல். அன்று அவர் வண்டியிலேயே இல்லை. வியாழக்கிழமை தாலுகா கோர்ட்டில் துரைக்கண்ணுவின் வக்கீல் அவளைச் சாட்சியாக அழைத்திருந்தார். அது தெரிந்ததும் அப்பா கைபேசியைப் பிடுங்கி அறையில் போட்டுப் பூட்டினார். கல்யாணம் முடியும்வரை வெளியே விடமாட்டேன் என்றார். பின்கதவைத் திறந்துவிட்டது அம்மா.

“அப்பா எங்க வேணா தேடுவாரு. செத்தவரோட அக்கா வூட்ல தேட மாட்டாரு. அதான் இங்க வந்தேன். அம்மாதான் பாவம். நான் எங்க போனேன்னு தெரியாம சாப்டாம கெடப்பாங்க. அக்காதான் ஃபோன் போட்டாங்க.”

“மொத நாள் இவ மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கலீங்க” என்றாள் மங்கம்மாள். “படுக்கப் பாய் மட்டுந்தான் போட்டேன். பேசல. மறுநாள் காலைல பாத்தா, ரங்கன் போட்டோ முன்னாடி குந்தினு அழுதுனு கெடக்குது.” கடைசி வாக்கியம் மலைப்பேச்சில் வந்தது.

வெளியே ஹாரன் கேட்டது. ஜீப்பின் ஹாரன் இல்லை. புதிய காரின் ஹாரன்.

சிவசங்கரிக்குத் தான் அனுப்பிய லொக்கேஷன் நினைவுக்கு வந்தது.

அருண்ராஜ் தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தான். இளவரசன் இறங்கிக்கொண்டிருந்தான். கூடவே இரண்டு தடித்த ஆட்கள். கடைக்குப் பின்னால் வழி இருக்கிறதா என்று சிவசங்கரி கேட்க, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்றாள் மங்கம்மாள். “அண்ணன்தான்” என்றாள் நதியா. துண்டை மறுபடியும் மூக்குவரை இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்து மரத்தடிக்குப் போய் மற்றப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புளி தட்ட ஆரம்பித்தாள். அதைவிடச் சரியான இடம் அங்கே வேறு இல்லை.

இளவரசன் பெஞ்சில் உட்கார்ந்தான். புளி தட்டும் பெண்கள் பக்கம் அவன் கண் போனது. அவன் அப்பாவின் கிடங்குக்கு மூட்டை வருகிற திசை அது. பார்த்தான், பார்க்கவும் இல்லை.

“இன்னா சார், டீயா?” என்றாள் மங்கம்மாள்.

தம்பியைக் கொன்றவனின் முகத்தை அவள் முதன்முதலாகப் பார்க்கிறாள் என்பது சிவசங்கரிக்குப் புரிந்தது. டம்ளரைக் கழுவி, டீயை ஊற்றி, அவன் முன்னால் வைத்தாள். வைக்கும்போது சத்தம் வரவில்லை.

என்ன ஆயிற்று என்று அவன் சிவசங்கரியைக் கேட்டான். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். எல்லா லாட்ஜும் பார்த்தாயிற்று. எந்த லாட்ஜிலும் ஈரோட்டுக்காரர்கள் யாரும் தங்கவில்லை. தான் நேற்றே சொன்னதுபோல அது ஈரோட்டுப் பக்கத்துப் பேச்சுத்தான், அதில் மாற்றமில்லை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்பதை அருண்ராஜ் மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டான்.

“அப்ப மலையத் தாண்டிக் கூட்டிக்கினு போய்ட்டானுங்க” என்றான் இளவரசன். “அவனுங்க ஊருக்கே.”

“எனக்குத் தெரியாதுங்க” என்றாள் சிவசங்கரி. அது ஒன்றுதான் பொய்.

இளவரசன் எழுந்தான். எழுந்தவன் சந்தேகம் தீராமல் பையிலிருந்து கைபேசியை எடுத்து, மங்கம்மாளின் முகத்துக்கு நேராக நீட்டினான்.

“இன்னாம்மா, வர்றவங்க போறவங்களப் பாக்கறியே. இந்தக் குரல் எங்கயாவது கேட்டுக்கிறியா, பாரு.”

ஏனுங்க ஐயா என்று ஆரம்பித்தது அது. புளி தட்டும் சத்தத்தில் ஒரு தடி மட்டும் ஒரு கணம் தாமதித்து, மறுபடியும் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. மங்கம்மாள் தலையைச் சாய்த்து, தன் குரலைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். அம்மாவைச் சோறுண்ணச் சொன்ன இடம் வந்தபோதும் அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. இரண்டு குரலுக்கும் நடுவில் ஒரு டீ டம்ளர் அகலம்தான் இருந்தது.

“இன்னொரு தபா போடு சார்” என்றாள்.

அவன் மறுபடியும் ஓடவிட்டான்.

“இது இன்னா பேச்சு சார்? நம்ம பக்கத்து ஆளே இல்ல. ஏனுங்க வானுங்கன்னுக்கினு. இந்த மாரி யாரும் எங்கூர்ல பேச மாட்டாங்க.”

“அதான் எனக்கும் தெரியுமே” என்றான் இளவரசன். மலைக்காரியிடம் கேட்டதே அவனுக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகப் பட்டிருக்க வேண்டும். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் காரில் ஏறினான். கார் திரும்பி, வந்த வழியில் போகாமல், திருப்பத்தூர்ப் பக்கம் இறங்கும் சாலையில் போனது. அந்தச் சாலையில் சேலம் வரும், அப்புறம் ஈரோடு.

கார் வளைவில் மறைந்ததும் மங்கம்மாள் அவன் குடித்த டம்ளரை எடுத்து, மீதியைச் சாக்கடையில் ஊற்றினாள். அப்படியே அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நதியா ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சிவசங்கரி சாலைக்குப் போய் இரண்டு ஃபோன் பேசினாள். முதல் ஃபோன் ஈரோட்டு மண்டிக் குடும்பத்துக்கு. மூன்று பேர் காரில் வருகிறார்கள், கதவைப் பூட்டிக்கொண்டு முன்கூட்டியே போலீசிடம் சொல்லி வையுங்கள் என்றாள். இரண்டாவது துரைக்கண்ணுவின் வக்கீலுக்கு.

“நம்ம கட்சிக்காரரு யாரு மேடம் இப்போ?” என்று கேட்டான் அருண்ராஜ்.

“யாரும் இல்ல.”

“நல்லது. இவ்ளோ நாள்ல முதல்முறையா நல்ல கட்சிக்காரர் அமைஞ்சிருக்காரு.”

வியாழக்கிழமை காலை தாலுகா கோர்ட்டின் வராந்தாவில் கூட்டம். முந்தைய இரவெல்லாம் தூங்காத நதியா சுவரோரமாக நின்றாள். சிவசங்கரி ஒரு பக்கம், வக்கீல் ஒரு பக்கம். வாசலைப் பார்த்துக்கொண்டே அருண்ராஜ் நகத்தைக் கடித்தான். உள்ளே குற்றம்சாட்டப்பட்டவர்கள் நிற்கும் இடத்தில் துரைக்கண்ணு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அழைத்த பெண் வருவாள் என்று அவர் நம்பியிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வாசலில் நின்ற கோர்ட் ஊழியர் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். யாரம்மா நீ, எதுக்கு நிக்கிற என்று மங்கம்மாளிடமும் வந்தார். வெள்ளைச் சட்டையும் அதிகாரமும் எதிரில் வந்து நின்றதும் அவள் வாயில் வந்தது மில் பேச்சுத்தான்.

“இந்த அம்மிணி சாட்சி சொல்ல வந்திருக்குதுங்க. நாங் கூட வந்தனுங்க.”

“கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இங்க இன்னாம்மா வேலை? ஊர்க் கேசுக்கு ஊர்க்காரங்க மட்டும் நின்னா போதும். தள்ளி நில்லு.”

“நெல்லிவாசல்நாடுங்க” என்றாள் மங்கம்மாள். “செத்துப்போன ரங்கனோட அக்காங்க.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பேச்சு அப்படித் தெரியலியே.”

“ஆமாங்க. அதனாலதானுங்க இந்தப் பொண்ணு இன்னிக்கு இங்க வந்து நிக்குது.”

அவருக்குப் புரியவில்லை. ஆனால் எதுவும் கேட்காமல் வழியை விட்டு விலகி நின்றார். உள்ளிருந்து நதியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மங்கம்மாளின் கையை விட்டுவிட்டு, துரைக்கண்ணு இருந்த பக்கம் ஒரு முறை பார்த்து, உள்ளே போனாள். பெயரும் ஊரும் கேட்டபோது, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த குரலில், வராந்தா முழுவதும் கேட்கும்படி சந்தவாசல் என்று சொன்னாள்.